ஆறு மணி நேர ராத்திரியில் பந்தியும் படுக்கையும்

இரவு 9.30 மணி விமானம், பிசினஸ் கிளாஸ் இருக்கை. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு நீண்ட வரிசை. தரையை விட்டுக் கிளம்பும்போது மணி 10.15. மறுநாள் காலை லண்டனில் இறங்கி நேரே ஒரு கூட்டத்தில் போய் உட்கார வேண்டும் என்பதால், அன்றைக்கு நான் நியூயார்க் நேரம் காட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 10.50க்குச் சூடான ஈரத் துண்டும் வறுத்த பாதாமும் வந்தன, குடிக்க என்ன வேண்டும் என்றும் கேட்டார்கள். 11.15க்கு மடக்கு மேசையில் வெள்ளைத் துணி விரித்து முதல் தட்டு. 11.45க்கு முக்கிய உணவு. அதற்கப்புறம் பாலாடைக்கட்டி, பழம், இனிப்பு, காபி. மேசையைத் துடைத்து மடக்கியபோது 12.35. பல் துலக்கி, இருக்கையைப் படுக்கையாக்கித் தலை சாய்த்தபோது 12.45. மூன்று மணிக்கு விளக்குகள் மெல்ல எரிய ஆரம்பித்தன, ரொட்டி சூடாகும் வாசனை வந்தது. காலைச் சிற்றுண்டி. ஆக, தூக்கம் இரண்டேகால் மணி நேரம்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஏறும்போதே பணிப்பெண்ணிடம் இரண்டு வாக்கியம் சொன்னார்: "நான் சாப்பிட்டாகிவிட்டது. இறங்குவதற்கு இருக்கையை நிமிர்த்தச் சொல்லும்போது மட்டும் எழுப்புங்கள்." விமானம் ஏறி முடித்து பெல்ட் விளக்கு அணைந்த உடனே படுத்தவர், 3.50 வரை அசையவில்லை. அதே வகுப்பு, அதே மெத்தை. ஆனால் எனக்குக் கிடைத்த தூக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

அன்றைக்கு விமான நிறுவனம் எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லாரும் அன்பாக, ஒழுங்காகப் பரிமாறினார்கள். அந்த ஒழுங்குதான் தூக்கத்தைத் தின்றது. இரவு விமானத்தின் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டில் இரண்டு பொருள்களை விற்கிறார்கள்: உணவகத்துக்கு நிகரான சாப்பாடு, வீட்டுக்கு நிகரான படுக்கை. பதினான்கு மணி நேரப் பயணத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. நியூயார்க்–லண்டன் போன்ற குறுகிய இரவில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. எது என்று யாரும் முன்கூட்டியே நம்மிடம் கேட்பதில்லை.

அந்த வழித்தடத்தின் கணக்கைப் பாருங்கள். தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். அட்டவணையில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் போட்டிருப்பார்கள். அதில் தரையில் ஊர்வதைக் கழித்தால் பறப்பது ஆறு, ஆறரை மணி நேரம். அட்லாண்டிக் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற மேல்வானக் காற்று முதுகில் தள்ளுவதால் குளிர்காலத்தில் இன்னும் குறையும். 2020 பிப்ரவரியில், பிரிட்டனைப் புயல் அடித்துக்கொண்டிருந்த ஒரு இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள்கள் அதைச் சாதனையாகக் கொண்டாடின. படுக்கைக்குப் பணம் கட்டியவருக்கோ அது ஒரு மணி நேரத் தூக்கம் போன கணக்கு. கடிகாரமும் ஐந்து மணி நேரம் முன்னே தாவுகிறது. விமானம் சூரியனை எதிர்கொண்டு ஓடுவதால் இரவே சுருங்கிப்போகிறது.

இந்த வழியில் இவ்வளவு பெரிய சாப்பாடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1958 அக்டோபர் வரை அட்லாண்டிக்கைத் தாண்டிய பயணிகள் விமானங்கள் எல்லாம் பெரும்பாலும் புரொப்பெல்லர் விமானங்கள்தான். போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் போன்றவை நடுவில் கனடாவின் கேண்டர், அயர்லாந்தின் ஷானன் என்று எண்ணெய் நிரப்ப இறங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே எடுத்துக்கொள்ளும். அதில் ரயிலைப் போல மேல்தட்டுப் படுக்கைகளும் உண்டு. நிதானமாகப் பல சுற்று உணவு சாப்பிட்டு, அரட்டை அடித்து, பிறகு ஒரு முழு இரவு தூங்கினாலும் நேரம் மிச்சமிருக்கும். அந்த அக்டோபரில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் காமெட் ஜெட் விமானத்தையும், மூன்று வாரம் கழித்து அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் போயிங் 707ஐயும் அட்லாண்டிக்கில் இறக்கின. இரவு பாதியானது. பந்தியின் நீளம் மட்டும் குறையவில்லை.

குறையாததற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கட்டணத்தை நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. ஐ.ஏ.டி.ஏ. என்ற சர்வதேச விமான நிறுவனங்கள் சங்கம்தான் கட்டணங்களை ஒப்பந்தமாக நிர்ணயித்தது. விலையில் போட்டி போட முடியாதபோது எதில் போட்டி போடுவது? தட்டில்தான். 1958ல் குறைந்த கட்டண வகுப்புக்கு வெறும் சாண்ட்விச் மட்டும் என்று விதி போட்டார்கள். ஸ்காண்டிநேவியன் நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 'எங்கள் ஊர் சாண்ட்விச் இப்படித்தான்' என்று ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் அடுக்கிக் கொடுக்க, பான் ஆம் புகார் செய்து, அது பெரிய சண்டையாகி அபராதத்தில் முடிந்தது. சாப்பாடுதான் விமானத்தின் மரியாதை என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஊறியது. 1970களின் கடைசியில் பிசினஸ் கிளாஸ் என்று தனி வகுப்பு பிறந்தபோதும், கொஞ்சம் சாயும் நாற்காலிதான் இருந்தது. தூங்கவே முடியாத நாற்காலியில் நல்ல சாப்பாடு பெரிய ஆறுதல். 2000ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதன்முதலாக பிசினஸ் கிளாஸில் முழுசாகத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்த பிறகுதான் பந்தியும் படுக்கையும் ஒரே இரவுக்குச் சண்டை போட ஆரம்பித்தன.

சரி, பரிமாறுவதை வேகமாக முடிக்கக் கூடாதா? விமானத்தின் அடுக்களையைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் முடியாது என்று புரியும். உணவு தரையில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, பெட்டிகளில் ஏற்றப்படுகிறது. மேலே அடுப்பு கிடையாது, தீ கிடையாது. சூடான காற்றோ நீராவியோ சுழலும் சின்ன அவன்கள்தான். ஒரு தொகுதி உணவு சூடாக இருபது நிமிடம் போல ஆகும். எகானமியில் மொத்தமாகத் தட்டை நீட்டிவிடலாம். பிசினஸ் கிளாஸில் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகத் தட்டில் வைத்து, கொண்டுபோய், காலித் தட்டை எடுத்து, அடுத்ததை வைக்க வேண்டும். எத்தனை பேருக்கு? பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747களில் சிலவற்றில் மட்டும் 86 பிசினஸ் இருக்கைகள் இருந்தன. ஒரு கல்யாணப் பந்தியை, நடுவில் இலை எடுத்து இலை போட்டு, இரண்டு குறுகிய சந்துகளுக்குள் ஓடி ஓடிப் பரிமாறுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக்காரருக்கு முதல் தட்டு வரும்போது முதல் வரிசைக்காரர் காபியில் இருப்பார். காற்றில் குலுங்கினால் அதுவும் நின்றுவிடும்.

இறங்கும் பக்கமும் நேரம் வெட்டுப்படுகிறது. தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்க வேண்டும், தட்டெல்லாம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்குள் சிற்றுண்டியை முடிக்க வேண்டுமானால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே விளக்கைப் போட்டாக வேண்டும்.

அந்தச் சிற்றுண்டி உடம்புக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று யாராவது யோசித்தார்களா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். மாலை 6.30க்குக் கிளம்பும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரவு 11.30லிருந்து காலை 6 மணி வரை விமானங்களுக்கு ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு உண்டு. வருஷத்துக்கு 5,800 தடவைதான் அந்த நேரத்தில் ஏறவோ இறங்கவோ முடியும். அதனால் நியூயார்க் விமானங்கள் பெரும்பாலும் ஆறு மணிக்கு அப்புறம் இறங்கும்படி அமைகின்றன. 6.30க்கு இறங்கும் விமானத்தில் 5.15க்குச் சிற்றுண்டி. நியூயார்க் உடம்புக்கு அது நள்ளிரவு 12.15. இரவு ஒன்பது மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்த வயிற்றுக்கு மூன்றே மணி நேரத்தில் முட்டையும் ரொட்டியும் எதற்கு? அந்த விமானத்தில் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். இரவுச் சாப்பாடு சரியான நேரத்தில் வருகிறது, தூக்கம்தான் வருவதில்லை. ஒன்பது மணிக்கு உடம்பு இன்னும் தூங்கத் தயாராக இல்லை. 9.30 விமானத்தில் தூக்கம் வருகிறது, ஆனால் அந்த நேரத்தில்தான் மேசையில் துணி விரிக்கிறார்கள்.

சாப்பிட்ட கையோடு படுப்பதில் இருக்கும் தொந்தரவை நம் பாட்டிமார் தரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். மேலே அது கொஞ்சம் அதிகம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரை அழுத்தம் இல்லை. பழைய ரக விமானங்களில் 2,400 மீட்டர் மலைமேல் இருப்பதற்குச் சமமாக அது இருக்கலாம். அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் 1,800 மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2,400 மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால்வாசிதான். அப்படியானால் வயிற்றுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும். நிறைந்த வயிறு, விரிந்த வாயு, அதோடு தட்டையாகப் படுத்தால் நெஞ்சுக்கு ஏறும் புளிப்பு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதை ஆறு மணி நேர இரவில் எப்படிக் கடைப்பிடிப்பது?

மதுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஒரு கிளாஸ் ஒயின் குடித்தால் நன்றாகத் தூங்கலாம்' என்று நம்பி ஏறுகிறவர்கள் நிறைய. 2024ல் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 18லிருந்து 40 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான 48 பேர். பாதிப் பேர் சாதாரண அறையில், பாதிப் பேர் விமான அழுத்தம் வைத்த அறையில், நள்ளிரவிலிருந்து நான்கு மணி வரை நாலு மணி நேரத் தூக்கம். ஒரு இரவு சும்மா, ஒரு இரவு இரண்டு பியர் அளவு மதுவோடு. சாதாரண அறையில் மது குடித்துத் தூங்கியவர்களின் ரத்த ஆக்சிஜன் 95 சதவீதம் போல இருந்தது. விமான அழுத்தத்தில் குடித்துத் தூங்கியவர்களுக்கு 85க்கு இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 போல ஏறியது. தூங்கும் உடம்பில், இளம் வயதில், படுத்த நிலையில் 88. ஆழ்ந்த தூக்கமும் குறைந்தது. இதயத்திலோ நுரையீரலிலோ ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. விமானத்தில் ஏறியதும் தட்டில் நீட்டப்படும் முதல் கோப்பையை மறுப்பது முரட்டுத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவ்வளவு விலை கொடுத்துத் தூக்கத்தைத் தொலைத்துச் சாப்பிடும் அந்த உணவாவது அதன் முழு ருசியில் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு வறண்டுபோனால் மணம் தெரியாது, மணம் போனால் பாதி ருசி போச்சு. லுஃப்தான்சா கேட்டுக்கொண்டதன்பேரில் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், ஒரு பழைய ஏர்பஸ் உடல்பகுதியை அழுத்த அறைக்குள் வைத்து ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தது. அங்கே உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரிந்தன. தக்காளிச் சாறு மட்டும் தரையைவிட நன்றாக இருந்தது. விமானத்தில் தக்காளிச் சாறு அவ்வளவு போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் சாப்பாட்டைத் தரையில் போட்டுவிடலாமே என்ற யோசனை நிறுவனங்களுக்கும் வராமல் இல்லை. நியூயார்க்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சிலேயே இரவுச் சாப்பாட்டை வைத்துப் பல வருஷமாகிறது. 2016 டிசம்பரில் யுனைடெட் 'போலாரிஸ்' என்ற பெயரில் தன் பிசினஸ் கிளாஸை மாற்றியபோது விளம்பரத்தில் முன்னே நிறுத்தியது தூக்கத்தைத்தான். நல்ல மெத்தை விரிப்பு, தலையணைகள், மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தனி லவுஞ்ச்கள். 2024 ஜூனில் டெல்டா, கென்னடி விமான நிலையத்தில் பிசினஸ் பயணிகளுக்கென்று உணவகம் சேர்த்த பெரிய லவுஞ்ச் ஒன்றைத் திறந்தது. கத்தார் ஏர்வேஸ் வேறு வழியில் போனது: எப்போது கேட்கிறீர்களோ அப்போது சாப்பாடு. சில நிறுவனங்கள் எல்லாச் சுற்றையும் ஒரே ட்ரேயில் அடுக்கிக் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. எனக்கு இந்தக் கடைசி வழிதான் மிக நேர்மையானதாகத் தோன்றுகிறது. சாப்பிட விரும்புகிறவரும் பட்டினி கிடக்க வேண்டாம், விளக்கும் சீக்கிரம் அணையும். ஒருவர் கேட்கிற நேரமெல்லாம் தட்டுக் கொண்டுவந்தால், தூங்குகிற இன்னொருவருக்கு இரவு முழுக்கக் கரண்டிச் சத்தம்தான்.

ஆனாலும் லவுஞ்ச் சாப்பாடு எல்லாருக்கும் கைகொடுக்காது. வேறு ஊரிலிருந்து இணைப்பு விமானத்தில் வந்து, ஓடோடிக் கதவுக்கு வருகிறவருக்கு லவுஞ்சைப் பார்க்கவே நேரமிருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை, சேர்த்து வைத்த புள்ளிகளில் ஆசையாக பிசினஸ் கிளாஸ் ஏறுகிறவருக்கு அந்த வெள்ளைத் துணியும் நான்கு சுற்றுச் சாப்பாடும்தான் பயணமே. அவரிடம் போய்த் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒவ்வொருவருக்கும் அந்த இரவு எதற்கு என்பது வேறு. அதனால்தான் ஏறும்போதே கேட்க வேண்டும் என்கிறேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் நள்ளிரவு விமானங்களில் இதே சிக்கல் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. தூரம் 2,900 கிலோமீட்டர், பறப்பது நான்கு மணி நேரம் சொச்சம், கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே போகும். இரவு 11.30க்குக் கிளம்பினால் விடியற்காலை ஆறே சொச்சத்துக்குச் சாங்கியில் இறங்கும்போது சென்னையில் இன்னும் நாலு மணி ஆகியிருக்காது. ஏறுவதும் இறங்குவதும் போக நடுவில் மூன்று மணி நேரம்தான் மிச்சம். அதில் ஒரு முழுச் சாப்பாட்டை நுழைத்தால் என்ன மிஞ்சும்? அதிலும் சென்னையில் ஊருக்குக் கிளம்புகிறவரை யார் வெறும் வயிற்றோடு அனுப்புகிறார்கள்? "ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போ" என்று வாசல் வரை வந்து, தயிர்சாதம் ஊட்டாத குறையாக அனுப்பிவைப்பார்கள். விமான நிறுவனங்கள் லவுஞ்ச் கட்டிச் செய்வதை நம் வீடுகள் எப்போதோ செய்துகொண்டிருக்கின்றன. அதற்கப்புறம் நடுராத்திரி ஒரு மணிக்கு இன்னொரு முறை இலை முன்னால் உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

தூங்குவது என்று முடிவு செய்துவிட்டால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஏறிய உடனே, கூட்டம் சேர்வதற்குள், நம் பக்கத்துப் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும்: இரவுச் சாப்பாடு வேண்டாம், சிற்றுண்டிக்கும் எழுப்ப வேண்டாம், அல்லது சிற்றுண்டிக்கு மட்டும் எழுப்புங்கள் என்று தெளிவாக. அவர்களுக்கும் அது உதவிதான், ஒரு தட்டு குறைகிறது. நம்மில் பலர் முன்கூட்டியே ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டில் இந்திய சைவச் சாப்பாடு சொல்லிவைத்திருப்போம். அது நம் பெயருக்கும் இருக்கை எண்ணுக்கும் வந்திருக்கும் என்பதால், சொல்லாமல் தூங்கினால் அக்கறையாகவே தேடி வந்து தோளைத் தொட்டு எழுப்புவார்கள். உடை மாற்றுவது, பல் துலக்குவது எல்லாம் தரையிலேயே முடிந்துவிட்டால் இன்னும் கால் மணி நேரம் மிச்சம். அப்புறம் பெல்ட். போர்வைக்கு உள்ளே பெல்ட் போட்டால், குலுங்கும்போது போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க உங்களை எழுப்பித்தான் ஆக வேண்டும். போர்வைக்கு மேலே, கண்ணில் படும்படி மாட்டிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

பயண நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடிகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நியூயார்க்கிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பி, அன்றைக்கே இரவு எட்டு மணி வாக்கில் லண்டன் சேரும் பகல் விமானங்கள் சில இருக்கின்றன. பகலில் விழித்திருந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, இரவு ஒரு உண்மையான கட்டிலில் படுக்கலாம். விடுதிச் செலவு ஒன்று கூடும், ஒரு வேலைநாள் போகும். அதனால் அலுவலகங்கள் இதை விரும்புவதில்லை. விடியற்காலை இறங்கி அரைத் தூக்கத்தில் கூட்டத்தில் உட்காருகிறவரின் அந்த நாளும் போன கணக்குதான் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை அதே 9.30 விமானத்தில் போனபோது நான் எட்டு மணிக்கே லவுஞ்சில் சூப்பும் கொஞ்சம் சாதமும் சாப்பிட்டு முடித்திருந்தேன். ஏறியதும் அந்த அம்மா சொன்ன அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். பணிப்பெண் தலையசைத்துவிட்டு, கையிலிருந்த பட்டியலில் என் இருக்கை எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டார். பாதாம் வறுத்த வாசனை வந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக்கொண்டிருந்த வானமும், கீழே அயர்லாந்தின் பச்சையும்தான்.